பீரங்கிகளின் நடுவே ஒரு ஜெபம்

ரஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கி 1880ஆம் ஆண்டில் இயற்றிய ‘1812’ என்னும் விழா முன்னிசை, அதன் பீரங்கி முழக்கத்திற்காகவே பலராலும் அறியப்பட்டுள்ளது. எனினும் அது ஒரு ஜெபத்தோடு தொடங்குகிறது என்பதைச் சிலரே கவனித்துள்ளனர். திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள உறவை ஆராய்வோர்க்கு இது சிந்தனைக்குரியதாகும்.

1812இல் நெப்போலியனின் சேனை ரஷ்யாவினின்று பின்வாங்கியபோது, பேரரசர் முதலாம் அலெக்சாந்தர், தேவனுக்கு நன்றியறிதலாக மாஸ்கோவில் மீட்பராகிய கிறிஸ்துவின் பெயரால் ஒரு பேராலயம் எழுப்பக் கட்டளையிட்டார். அதன் பிரதிஷ்டையை முன்னிட்டே இவ்விசை எழுதப்பட்டது. ஆயினும் பிரதிஷ்டைக்கு முந்தின ஆண்டாகிய 1882இல், மாஸ்கோ கண்காட்சியொன்றில் முதலாவதாக இசைக்கப்பட்டது.

தொடக்கத்தில் இரண்டு வயோலாக்களும் நான்கு செல்லோக்களும் மாத்திரம், திருச்சிலுவையைப் பற்றிய வழிபாட்டுக் கீதத்தை மெல்ல இசைக்கின்றன. 28ஆம் சங்கீதத்தின் இறுதி வசனத்தைத் தழுவிய விண்ணப்பம் அது. அரசருக்கு வெற்றி அருளும்படியான வேண்டுதலும் அன்றைய ரஷ்ய வழிபாட்டில் அதனோடு சேர்ந்திருந்தது. இறுதியில் அதே கீதம், கொம்புகள், எக்காளங்கள், டிராம்போன்கள் முதலியவற்றோடு கூடுதலான பித்தளை வாத்தியக் குழுவும் சேர்ந்து முழங்க, ஆலய மணியோசையோடு திரும்பி வருகிறது. இசையேட்டில் குறிக்கப்பட்டுள்ள பீரங்கி வெடிகள் 16. அவற்றின் நடுவே தாழ்சுரப் பித்தளைக் கருவிகள் பேரரசரின் கீதத்தை எடுத்து முழக்குகின்றன. அக்கீதமோ 1833இல்தான் இயற்றப்பட்டது! நாடு இக்கட்டில் ஜெபித்த காலத்தில் இல்லாத ஒரு பாடல், நன்றி செலுத்தும் வேளையில் தலைமையிடத்தைப் பெற்றுக்கொண்டது. இசையாசிரியரும் இப்படைப்பை அன்பின் அனல் இன்றியே எழுதியதாகத் தம் புரவலரான அம்மையாருக்குத் தெரிவித்தார்.

பின்னர் அரியணை வீழ்ந்தது. 1931இல் சோவியத் அரசு அப்பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது. சோவியத் பதிப்பில் பேரரசரின் கீதம் நீக்கப்பட்டு, கிளிங்காவின் இசைநாடகப் பாடல் ஒன்று அதன் இடத்தில் வைக்கப்பட்டது. முதலில் ஒலிக்கும் திருச்சிலுவைக் கீதமோ நீக்கப்படவில்லை. ஆலயமில்லாத நகரில், சொற்களில்லாமல், அந்த ஜெபம் தொடர்ந்து ஒலித்தது. மீண்டும் கட்டப்பட்ட பேராலயம் 2000இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அரசின் வெற்றி விழாக்களுக்குத் தன் கீதங்களை அளிக்கும் திருச்சபை, அங்கே மகிமை யாருக்குச் செலுத்தப்படுகிறது என்று ஆராயக் கடமைப்பட்டுள்ளது. இக்கட்டில் ஆறு நரம்பு வாத்தியங்களால் ஏறெடுக்கப்பட்ட விண்ணப்பத்திற்கு எந்த அரியணையின் துணையும் தேவைப்படவில்லை.