பேஸ்பால் நிருபர்களும் சேப்பாக்கம் நிருபர்களும்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்டு ரீகன் முன்னாள் சினிமா நடிகர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சினிமாவுக்கும் முன்னால் அவர் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை செய்துகொண்டிருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம்.

1930களில் அயோவா மாநிலத்தில் டபிள்யூ.எச்.ஓ. என்று ஒரு ரேடியோ நிலையம். சிகாகோ கப்ஸ் அணி சிகாகோவில் ஆடும். ரீகனோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்திருப்பார். மைதானத்திலிருந்து தந்தியில் சுருக்கெழுத்து மாதிரி ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பது போலவே வெயில், கூட்டம், பந்து போன திசை எல்லாம் சேர்த்து அளந்துவிட வேண்டும். ஒருநாள் நடு ஆட்டத்தில் தந்தி நின்றுபோனது. "தந்தி வரவில்லை" என்று உண்மையைச் சொன்னால் நேயர்கள் வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடுவார்கள். அதனால் பேட் பிடித்தவர் அடிக்கும் பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போகிறது, மறுபடியும் போகிறது என்று ஆறு நிமிஷத்துக்கும் மேலாகச் சமாளித்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1937ல் கப்ஸ் அணியின் பயிற்சியைப் பார்க்கக் கலிபோர்னியா போன இடத்தில்தான் சினிமாவுக்கான சோதனைப் படப்பிடிப்பு. வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தம் கிடைத்தது. மீதி, சரித்திரப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

ரீகன் ஒரு தனி ஆள் கேஸ் என்று விட்டுவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கப் பத்திரிகை உலகில் பெரிய பெயர் வாங்கிய பலரைத் தோண்டிப் பார்த்தால், அடியில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. மேஜர் லீக்கில் 1904ல் இருந்து 1960 வரை பெரும்பாலும் ஒரு சீசனுக்கு ஒரு அணி ஆடியது 154 ஆட்டம். (1961-62ல் அது 162 ஆனது.) ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். தினமும் ஆட்டம் என்றால் தினமும் செய்தி. தினமும் செய்தி என்றால் சம்பளம் கொடுத்து ஒரு பையனை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். பி.காம். முதல் வருஷத்தில் படிக்கும் டிமாண்டு-சப்ளைதான்.

இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஹென்றி சாட்விக். இவர் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினுக்குக் குடிபோனவர். ஆரம்பத்தில் கிரிக்கெட் நிருபர்! 1856 வாக்கில் ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பேஸ்பால் ஆடுவதைப் பார்த்து, "அமெரிக்கர்களுக்கு ஏற்ற ஆட்டம் இதுதான்" என்று கட்சி மாறிவிட்டார். ஒரு ஆட்டத்தின் கணக்கு முழுவதையும் சின்னக் கட்டத்துக்குள் அடக்கும் பாக்ஸ் ஸ்கோர் முறையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு இவருடையது. கிரிக்கெட் ஸ்கோர் போட்டுப் பழகிய கை அல்லவா!

அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ரிங் லார்ட்னர் 1905ல் இருபது வயதில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் சேர்ந்து, பிறகு சிகாகோ அணிகளோடு ரயிலில் சுற்றியவர். ஆட்டக்காரர்கள் ரயிலில் சீட்டாடிக்கொண்டே பேசிய கொச்சை மொழியைக் காதில் வாங்கி வைத்திருந்து, 1914ல் அதே மொழியில் கதை எழுத ஆரம்பித்தார். அமெரிக்கச் சிறுகதையில் இன்றைக்கும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஜேம்ஸ் ரெஸ்டன் 1934ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குப் பயண ஏற்பாடு செய்யும் வேலை பார்த்தார். அப்புறம் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தில் விளையாட்டு நிருபராகச் சேர்ந்து, லண்டனுக்குப் போய், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939ல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்தார். இரண்டு முறை புலிட்சர் பரிசு. வாஷிங்டன் அரசியலில் அவர் கட்டுரையைப் படிக்காமல் காலை காபி குடிக்காதவர்கள் இருந்தார்கள்.

எல்லோருக்கும் இந்தக் கதவு ஒரே மாதிரி திறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெண்டல் ஸ்மித், பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் 1937ல் சேர்ந்த இளைஞர். மேஜர் லீக்கில் கறுப்பர்கள் ஆடவும் முடியாது, கறுப்பு நிருபர்கள் பத்திரிகையாளர் மாடத்தில் உட்காரவும் முடியாது என்ற காலம். ஸ்மித் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியிடம் ஜாக்கி ராபின்சன் பெயரைச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 1947 ஏப்ரல் 15ல் ராபின்சன் களத்தில் இறங்கினார். ஸ்மித்துக்கு பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் இடம் கிடைத்தது 1948ல்தான். அதாவது ஆட்டக்காரருக்குக் கதவைத் திறக்க உதவிய நிருபருக்கு, தன் கதவு திறக்க அதற்குப் பிறகு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே பேஸ்பால் கிடையாது. அந்த இடத்தில் கிரிக்கெட். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932ல். அதிலிருந்து இரண்டாம் உலகப்போர் முடியும் வரை ஆடிய டெஸ்ட் மொத்தம் எத்தனை தெரியுமா? ஏழு! 1936க்கு அப்புறம் அடுத்த டெஸ்ட் 1946ல்தான். ரஞ்சி கோப்பை 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ஆரம்பித்தது. அந்த முதல் மேட்சிலேயே மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் சுருட்டிவிட்டது. ஏ.ஜி.ராம்சிங்குக்கு 11 விக்கெட். மேட்ச் சீக்கிரம் முடிந்தால் ஜெயித்த அணிக்குச் சந்தோஷம், நிருபருக்கு நஷ்டம் :-) அதுவும் அப்போது ரஞ்சி நாக்-அவுட் முறை. தோற்றால் அந்த வருஷக் கணக்கு அன்றைக்கே முடிந்தது.

அமெரிக்காவில் 154 ஆட்டம் ஒரு நிருபருக்குச் சோறு போட்டது. இங்கே ஒரு குளிர்காலத்து நாலைந்து மேட்ச் யாருக்கும் சோறு போடாது. இந்த ஒரு கணக்கிலிருந்துதான் சென்னைக் கிரிக்கெட் எழுத்தாளர்களின் பாதை மொத்தமும் வேறு மாதிரி அமைந்தது என்று தோன்றுகிறது.

முதல் வழி, கிரிக்கெட்டை வருஷம் முழுவதும் ஓடும் சரக்காக மாற்றுவது. அதைச் செய்தவர் 'தி ஹிந்து'வின் எஸ்.கே.குருநாதன். மைதானத்தில் மேட்ச் இல்லாவிட்டால் என்ன, பழைய கணக்கு இருக்கிறதே! ரஞ்சி கோப்பையின் முதல் பன்னிரண்டு வருஷ வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தின் விஸ்டன் மாதிரி 'இந்தியன் கிரிக்கெட்' என்ற ஆண்டு மலரை 1940களில் ஆரம்பித்து நடத்தினார். இன்று கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் வரும் சராசரிகளுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் பேனாவும் பேப்பர் கட்டிங்கும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்த இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். ஹிந்து நிறுவனத்திலிருந்தே 'ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்' என்ற வாரப் பத்திரிகை 1947ல் வந்தது. குருநாதன் 1966ல் காலமானார். இரண்டு வருஷத்தில் அந்த வாரப் பத்திரிகையும் நின்றது. 'ஸ்போர்ட்ஸ்டார்' 1978ல் வரும் வரை அந்த இடம் காலி.

இரண்டாவது வழி இன்னும் சுவாரசியம். மேட்ச் இல்லாத எட்டு மாசத்தில் வேறு எதையாவது படிப்பது! என்.எஸ்.ராமசாமி என்று ஒருவர். 'மெயில்' பத்திரிகையிலும் பிறகு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'ஸிலும் எழுதிய அவரை, கிரிக்கெட் ரசிகர்களுக்கு என்.எஸ்.ஆர். என்றால்தான் தெரியும். 1975ல் வந்த அவருடைய இந்தியக் கிரிக்கெட் வரலாறு, போர்பந்தர் மகாராஜாவில் ஆரம்பித்து வடேகரில் முடியும். அதே என்.எஸ்.ஆர்.தான் மாமல்லபுரம் பற்றி எழுதினார். தாடிபத்திரிக் கோயில்களைப் பற்றி எழுதினார். ஆற்காடு நவாபுகள் காலத்துக் கர்நாடக அரசியல் வரலாற்றைத் தனிப் புத்தகமாக எழுதினார். நூலகத்தில் ஒரு அலமாரியில் கிரிக்கெட் புத்தகத்திலும் இன்னொரு அலமாரியில் கோயில் புத்தகத்திலும் இதே பெயரைப் பார்த்தால், யாரோ இரண்டு பேர் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் பேஸ்பாலை விட்டு வெளியேறினால்தான் ரெஸ்டன் ஆக முடிந்தது. இங்கே ஒரே ஆள் ஸ்கோர் புத்தகத்தையும் கல்வெட்டையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்க முடிந்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்த ஒருவர் சாக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, பள்ளத்தூரில் பிறந்தவர். சென்னை வரலாற்றை எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரிந்த எஸ்.முத்தையா. 1930ல் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, 1951ல் 'டைம்ஸ் ஆப் சிலோன்' பத்திரிகையில் சேர்ந்தார். 1968ல் சென்னைக்கு வந்தார். 1991ல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' தொடங்கினார். நகர வரலாறு எழுதிக்கொண்டே போனவர், 1998ல் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பின் 150 வருஷக் கதையைத் தடியான ஒரு புத்தகமாக எழுதினார். என்.எஸ்.ஆர். கிரிக்கெட்டிலிருந்து வரலாற்றுக்குப் போனார் என்றால், முத்தையா வரலாற்றிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்தார். (செட்டிநாட்டில் பள்ளத்தூர் என்றால் பலகாரமும் பங்களா வீடுகளும்தான் ஞாபகம் வரும். இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இதுவரை சொன்ன சென்னைப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தற்செயல் இல்லை. தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் நெடுங்காலம் ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்க்கும் பக்கமாகவே இருந்தது. மொழிபெயர்ப்பவர் மைதானத்துக்குப் போவதில்லை. அவர் பெயரும் அச்சில் வருவதில்லை. பெயர் வராத இடத்திலிருந்து ஒருவர் வேறு எங்கே மேலே போக முடியும்? லார்ட்னர் ரயிலில் கேட்ட பேச்சு போல நம் ஆட்டக்காரர்களின் பேச்சும் இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுதும் வேலையைத் தமிழ்ப் பத்திரிகைகள் யாருக்கும் கொடுத்துப் பழகவில்லை. உண்மையான நஷ்டம் இதுதான்.

தமிழில் அந்தக் கதவை முதலில் திறந்தது பத்திரிகை இல்லை, வானொலி. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களில் குரல் பழகியவர். சென்னை வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்து பெயர் வாங்கினார். டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு நடந்த தலைமுறைக்கு அந்தக் குரல் மறக்காது. பிறகு லண்டன் ஐ.பி.சி. தமிழ் வானொலியில் அரசியல் பேசினார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரன் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தை 'அழைத்தார் பிரபாகரன்' என்று புத்தகமாகவும் எழுதினார். 2020ல் காலமானார். ரீகன் மாதிரியே மைக் முன்னால் ஆரம்பித்த வாழ்க்கை. போய்ச் சேர்ந்த இடம்தான் எவ்வளவு வேறு!

அடுத்த கதவு இன்டர்நெட். 1993ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து சைமன் கிங் கிரிக்இன்ஃபோவைத் தொடங்கினார். பேஸ்பால் நாட்டில் மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் தெரியாமல் தவித்த வெளிநாட்டு மாணவர்கள் ஒருவருக்கொருவர் டைப் அடித்துச் சொல்லிக்கொண்டதுதான் அதன் ஆரம்பம். சம்பளம் இல்லாத நிருபர்கள்! அவர்களில் ஒருவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பத்ரி சேஷாத்ரி. பிறகு சென்னைக்குத் திரும்பி, கிரிக்இன்ஃபோவை இங்கிருந்து வளர்த்தவர்களில் ஒருவரானார். 2003ல் அது விஸ்டன் கைக்குப் போனது. 2004ல் பத்ரி தொடங்கியது கிழக்கு பதிப்பகம். பங்குச்சந்தை பற்றி சோம.வள்ளியப்பன் எழுதிய 'அள்ள அள்ளப் பணம்' கிழக்கு வெளியீடுதான். அதைக் கையில் எடுக்காத காமர்ஸ் மாணவர்கள் குறைவு. அதைப் போட்ட பதிப்பகத்தின் வேர், யாரோ நள்ளிரவில் உட்கார்ந்து டைப் அடித்த ஸ்கோரில் இருக்கிறது.

2017ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்தது. தமிழில் கிரிக்கெட் பேசும் நேரம் ஒரேயடியாகப் பெருகியது. ஆனால் வர்ணனை நாற்காலிகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது முன்னாள் ஆட்டக்காரர்கள். நிருபராக ஆரம்பிக்கும் இருபது வயதுக்காரருக்கு அங்கே வழி குறுகல். அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக மாறிவிட்டது. ஜேம்ஸ் ரெஸ்டனின் நியூயார்க் டைம்ஸ், 2022ல் 'தி அத்லெட்டிக்' என்ற விளையாட்டு இணையப் பத்திரிகையை 55 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷம் தன்னுடைய சொந்த விளையாட்டுப் பிரிவையே மூடியது. அதில் இருந்த நிருபர்கள் அதே பத்திரிகையின் மற்றப் பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள்.