கேமிங் லேப்டாப்: திரைத் தெளிவும் கொடுக்கும் விலையும்

கேமிங் லேப்டாப் என்பது தனி கிராஃபிக்ஸ் சிப், அதன் சூட்டைத் தணிக்கும் பெரிய விசிறிகள், விரைவாகப் புதுப்பிக்கும் திரை ஆகியவற்றுடன் வரும் மடிக்கணினி. விளையாட்டுக்கென உருவானாலும் முப்பரிமாண வரைகலை, காணொளித் தொகுப்பு, பொறியியல் மென்பொருள் ஆகியவற்றுக்கும் இதுவே கைகொடுக்கிறது. 2012-இல் தொடங்கிய போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் பகலில் பாடத்துக்கும் இரவில் ஆட்டத்துக்கும் ஒரே இயந்திரத்தை வைத்துக்கொள்ள முடியும். வாங்கும்போது குழப்பம் பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் வருகிறது: திரையின் ரெசொல்யூஷன் கூடக் கூட மதிப்பும் கூடுமா?

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப் 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவே வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் திரை 1366×768, அதாவது சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். இன்றைய கேமிங் லேப்டாப்பின் அடிப்படைத் திரை 1920×1080. அதில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. அடுத்த படியான 2560×1600-இல் சுமார் 41 லட்சம். 4கே எனப்படும் 3840×2160-இல் 83 லட்சத்தை ஒட்டும்.

இந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் கிராஃபிக்ஸ் சிப் நொடிக்குப் பல முறை கணக்கிட வேண்டும். 1920×1080-இல் நொடிக்கு 100 காட்சிகள் தரும் சிப், சுமை முழுவதும் அதன்மேலேயே விழும் விளையாட்டுகளில், 2560×1600-க்குப் போனால் 60-ஐ ஒட்டி இறங்குவது வழக்கம். 4கே-யில் இன்னும் தடுமாறும். திரை 165 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் சிப் 60 காட்சிகளே தந்தால் கண்ணுக்குக் கிடைப்பது அந்த 60தான். வேகமான துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் புள்ளிகளின் எண்ணிக்கையைவிடக் காட்சிகளின் எண்ணிக்கையே வெற்றி தோல்வியைப் பாதிக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி சுமார் 16.7 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 7 மில்லிநொடிக்கும் குறைவு.

போடி எனப்படும் போடிநாயக்கனூரின் ஏலக்காய் வியாபாரிகளுக்கு இது புரியாத கணக்கல்ல. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் எட்டு எம்எம் காய் என்ற பெயருக்கு மட்டும் யாரும் விலை ஏற்றுவதில்லை. நிறத்தையும் லிட்டர் எடையையும் சேர்த்துப் பார்த்தே கேட்கிறார்கள். ரெசொல்யூஷன் சல்லடை அளவைப் போன்றது. காயின் உள்ளே எடை இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

திரையின் அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 15.6 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்தில் சுமார் 141 புள்ளிகள். 16 அங்குலத்தில் 2560×1600 என்றால் 189. கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து எழுத்து வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். 16:10 வடிவத்தில் கூடுதல் உயரமும் கிடைப்பதால் எக்செல், நிரல் எழுதுதல், வரைபடம் ஆகியவற்றுக்கு அது வசதி. 15.6 அங்குலத்தில் 4கே போட்டால் 282 புள்ளிகள் வரும். ஓடும் ஆட்டத்தில் அவ்வளவு நுணுக்கத்தைக் கண் கவனிப்பது அரிது. அதற்காகக் கூடுதல் பணமும் மின்கல ஆயுளும் கொடுப்பது வீண்.

அதிகத் தெளிவுள்ள திரைக்கு ஆதரவாக வந்திருப்பது அப்ஸ்கேலிங் நுட்பம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை ஆட்டத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து திரை அளவுக்குப் பெருக்குகின்றன. டிஎல்எஸ்எஸ் ‘குவாலிட்டி’ நிலையில் நீளமும் உயரமும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால், 2560×1600 திரையிலும் வரையும் சுமை 1920×1080-க்குச் சற்றுக் கீழேயே நிற்கும். இந்த வசதி இல்லாத பழைய ஆட்டங்களில் ரெசொல்யூஷனைக் கையால் குறைத்தால் படம் சற்று மங்கும். திரையின் ஒரு புள்ளிக்கு ஆட்டத்தின் ஒரு புள்ளி நேராகப் பொருந்தாததே காரணம்.

ஒரே ரெசொல்யூஷனில் நல்ல திரையும் உண்டு, மட்டமான திரையும் உண்டு. விலை குறைந்த மாடல்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறித்திருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்றிருப்பதே நம்பத்தக்கது. ஒளி 250 நிட்ஸ் என்றால் வெயில் விழும் கூடத்தில் போதாது. 300-க்கு மேல் வேண்டும். வெளிறிய 165 ஹெர்ட்ஸ் திரையைவிட நல்ல நிறமுள்ள 144 ஹெர்ட்ஸ் திரை எப்போதும் மேல்.

கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா வகுத்த மின்வரம்பு 35 முதல் 115 வாட் வரை. ஒல்லியான உடலில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, நன்றாகக் காற்றோடும் உடலில் முழு வாட்டில் ஓடும் 4050-யிடம் சில ஆட்டங்களில் தோற்கலாம். ஆகவே வாட் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். சிப்பின் நினைவகமும் முக்கியம்: 4050-க்கு 6 ஜிபி, 4060-க்கு 8 ஜிபி. தெளிவு கூடும்போது இந்த நினைவகமே முதலில் நிரம்பும்.

ராமையும் எஸ்எஸ்டியையும் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் சிப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். திரையும் பின்னால் மாற்றிக்கொள்ளும் பொருளல்ல. எனவே பட்ஜெட் இறுக்கமானால் சிப்புக்கும் திரைக்கும் முதலில் செலவிட்டு, 16 ஜிபி ராமோடு தொடங்குவது சரியான வரிசை.

இடத்துக்கும் இதில் பங்குண்டு. மலையடிவாரத்தில் இருக்கும் போடியின் சித்திரை வெயிலில் விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அதே இயந்திரம் குளிர்ந்து ஓடும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் ஈரம்தான் எதிரி. மூட்டத்தில் வண்டியில் கொண்டுபோன லேப்டாப்பை உடனே இயக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். காய் உலர்த்தும் ஸ்டோர் அறையில் வைக்கவே கூடாது.

மின்கலத்தில் மட்டும் ஓடும்போது எந்தக் கேமிங் லேப்டாப்பும் முழு வேகம் தராது. மின்வெட்டு வரும் வீட்டில் 180 அல்லது 230 வாட் சார்ஜரைத் தாங்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் தேவை. பெரிய ஆட்டங்கள் 100 ஜிபியைத் தாண்டுவதால், சிக்னல் நிற்காத தோட்டத்துக்குப் போகுமுன் ஊரிலேயே இறக்கிக்கொள்வது நல்லது.

2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் ஓடுகிறது. அங்குள்ள ரிச்சி தெருவில் நாலு கணினிக் கடை ஏறி, திரையைக் கண்ணால் பார்த்து வாங்கிவர அது உதவும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த மொத்த விலையையே எங்கும் ஒப்பிட வேண்டும்.

தேர்வு இப்படி அமையலாம்: ஆர்டிஎக்ஸ் 4050 தரத்துச் சிப் என்றால் நல்ல நிறமுள்ள 1920×1080, 144 ஹெர்ட்ஸ் திரை போதும். 4060, 5060 தொட்டு மேலே போனால் 2560×1600 திரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. 4கே-யைத் தவிர்க்கலாம். பணம் கட்டுமுன் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி போடியின் 625513 பின்கோடுக்கு உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் கேரளப் பின்கோடுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.