அரசமரத்தின் சொற்களும் கதவின் சொற்களும்

சிறுகதைப் பாடம் என்றால் நம் உயர்நிலை வகுப்புகளில் முதலில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஆசிரியர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் பொருளும் எழுதுவார். பிள்ளைகள் அதை நோட்டில் எடுத்துக்கொண்ட பிறகே கதை தொடங்கும். செய்யுளுக்கு இது சரியான வழி. பொருள் தெரியாமல் சொற்களைப் பிரிக்கவே முடியாது. ஆனால் அதே வழியைச் சிறுகதைக்கும் மாற்றமின்றிக் கொண்டுவந்ததில் நாம் நிறைய இழந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். எந்தச் சொல்லை எப்போது சொல்லவேண்டும் என்பது கதைக்குக் கதை மாறும். இதைக் காட்ட இரண்டு கதைகளை அருகருகே வைக்கிறேன்: வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’, கி. ராஜநாராயணனின் ‘கதவு’.

இரண்டையும் சேர்த்துப் படிக்கக் காரணம் உண்டு. இரண்டிலும் துன்பம் பணத்தின் வழியாகவே வீட்டுக்குள் வருகிறது. அரசமரத்தில் ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் போட்டு வைத்திருந்த பணம் ஆர்பத்நாட் கம்பெனியோடு போய்விடுகிறது. செல்வம் போனதும் மருமகளின் மதிப்பும் போகிறது. ‘கதவு’ கதையில் கட்டமுடியாத வரிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவையே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். ஒன்றில் ஓர் இளம்பெண் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். மற்றதில் கதவில்லாத வீட்டில் வாடைக்குளிர் தாங்காமல் ஒரு கைக்குழந்தை இறக்கிறது. இரண்டும் எளிமையாகச் சொல்லப்பட்டவை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் வாசித்துவிடக்கூடிய நீளம்தான். ஆயினும் வகுப்பில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இடறுகின்றன.

அரசமரம் 1915-இல் ‘விவேக போதினி’ இதழில் வந்தது. தமிழின் முதல் சிறுகதை இதுதானா என்ற வாதத்துக்குள் இங்கே போகவேண்டியதில்லை. வகுப்பில் முதலில் கண்ணை உறுத்துவது அதன் எழுத்து. ஸ, ஷ, ஜ என்று கிரந்த எழுத்துகள் மலிந்த, நூறாண்டுக்கு முந்தைய பிராமண வீட்டுப் பேச்சு. பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்தவுடன் மிரள்வார்கள். இந்த மிரட்சிக்கு மருந்து எளிது. ஆசிரியர் முதல் பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் போதும், பாதி விலகிவிடும். ‘மனஸ்’ என்று அச்சில் இருப்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் பொருள் எழுதிப் போடத் தேவையில்லை. காதில் விழுந்ததும் அவளுக்கே தெரியும்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. அது எந்த அருஞ்சொல் பட்டியலிலும் வராத ‘கல்யாணம்’ என்ற சொல். எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் அதை விளக்குவதில்லை. ஆனால் ருக்மிணியின் கல்யாணம் நம் மாணவர் பார்த்த கல்யாணம் அல்ல. சிறுமியாக இருக்கும்போதே தாலி ஏறிவிடுகிறது. அதன் பிறகும் அவள் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறாள். பின்னால் ஒரு நாள் சாந்தி முகூர்த்தம் நடந்த பிறகே கணவனோடு சேர்ந்து வாழ்வது தொடங்கும். அந்த இடைவெளிக்குள்தான் கதையின் துயரம் முழுவதும் நிகழ்கிறது. இது தெரியாத வகுப்பில் இந்தக் கதையை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே சார், அப்புறம் ஏன் அவங்க அப்பா வீட்டுல இருக்காங்க?” அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொரு கேள்வி: “பொண்டாட்டி இருக்கும்போது இன்னொரு பொண்ணு பாக்குறாங்களே, போலீஸ்ல சொல்லமாட்டாங்களா?” இரண்டுமே மிகச் சரியான கேள்விகள். அவற்றுக்கு விடை தெரியாதவரை ருக்மிணியின் பயம் அவர்களுக்குப் பயமாகவே தோன்றாது. இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்ததுபோல் நடித்து, அவள் கணவன் நாகராஜன் கடைசி நிமிடம்வரை மறைத்து வைத்த விளையாட்டு எவ்வளவு கொடியது என்பதும் உறைக்காது.

ஆகவே இந்தக் கதைக்கு முன்னுரை கட்டாயம் வேண்டும். அகராதிப் பொருளை எழுதிப்போடுவது அந்த முன்னுரை ஆகாது. ஒரு காலவரிசையைப் பலகையில் எழுதுங்கள். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. ‘மஞ்சள் கடுதாசி கொடுப்பது’ என்ற வழக்கையும் ‘திவால்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். அந்த வீழ்ச்சி கற்பித்த பாடத்தால் 1907-இல் உள்நாட்டவர் முயற்சியில் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. தங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் வங்கிக் கிளைக்கும் ருக்மிணியின் தந்தைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று அறிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அடுத்து 1929-இல் வந்த சாரதா சட்டம். பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று அது வரையறுத்தது. அதற்கடுத்து, இந்து ஆண்கள் ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பதைத் தடுத்த 1949-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம். கதை வந்தது 1915-இல். அதாவது நாகராஜனின் பெற்றோர் நினைத்தது அன்று கொடுமையாக இருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. சம்பந்தி, சீர், புக்ககம், இரண்டாந்தாரம், தள்ளி வைத்தல் ஆகிய சொற்களை இந்த வரிசைக்குள் பொருத்திச் சொன்னால் அவை தனித்தனிச் சொற்களாக நிற்காமல் ஒரு குடும்ப அமைப்பாகவே மாணவர் மனத்தில் பதியும். இதற்கு ஒரு பாடவேளையில் பாதி போனாலும் போகட்டும்.

இதற்குக் கதையின் அமைப்பிலேயே நியாயம் இருக்கிறது. சொல்வது ஒரு முதிய மரம். அது எல்லாம் அறிந்தது. தன் முன்னே இருப்பவர்களுக்கும் இந்த வழக்கங்கள் தெரியும் என்ற நம்பிக்கையில் பேசுகிறது. எனவே கதை தொடங்கும்போதே நம் மாணவர் அந்தக் குளத்தங்கரைக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவரை உள்ளே அழைத்து உட்காரவைக்கிற வேலை ஆசிரியருடையது.

இப்போது ‘கதவு’. இடைசெவல்காரரான கி.ரா. சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். பிறகு ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’யையே தொகுத்தவர். அதனால்தானோ என்னவோ, அவர் கதை என்றாலே வட்டாரச் சொற்களுக்கு நீளமான பட்டியல் போட்டுவிடுகிறோம். ‘கதவு’ கதைக்கு அப்படிப் போடுகிற பட்டியலில் தீர்வை, தலையாரி, சாவடி மூன்றும் தவறாமல் இருக்கும். தீர்வை என்றால் நிலவரி, தலையாரி என்றால் கிராமக் காவல் ஊழியர், சாவடி என்றால் ஊர்ப் பொதுக்கட்டடம். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கதை தொடங்கும் முன்பே இதைச் சொல்வது இந்தக் கதைக்குச் செய்கிற கெடுதல்.

ஏன் என்று பாருங்கள். லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு ஆட்டி ஆட்டி விளையாடுகிறார்கள். கதவுதான் அவர்களுக்கு பஸ். டிக்கெட் கொடுக்கிறார்கள், ஊர் பேர் சொல்லி இறக்கிவிடுகிறார்கள். அப்பா மணிமுத்தாறு பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்; பணம் வரவில்லை. அம்மா கூலிக்குப் போய்விடுகிறாள். தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றுகிறபோது அந்தப் பிள்ளைகளுக்குத் தீர்வை என்றால் என்னவென்று தெரியாது. பாக்கி என்றால் என்ன, அதற்கும் தங்கள் கதவுக்கும் என்ன தொடர்பு என்றும் தெரியாது. நடப்பதை வேடிக்கையாகவே பார்க்கிறார்கள். பிறகு வருகிற குளிரும் சாவும்தான் அந்தச் சொல்லுக்குப் பொருளை அவர்களுக்குச் சொல்கின்றன. கி.ரா. நம்மைக் குழந்தைகளின் உயரத்தில் நிற்கவைத்துக் கதை சொல்கிறார். நாம் முன்கூட்டியே ‘தீர்வை – வரி’ என்று எழுதிப்போட்டால், மாணவரை அந்த உயரத்திலிருந்து தூக்கிக் கிராம அதிகாரியின் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறோம். தெரியாமை இந்தக் கதையின் ஒரு பகுதி. அதைக் கெடுக்கக்கூடாது.

ஆகவே ‘கதவு’ கதையை ஒரு சொல்லும் விளக்காமல் முதலில் வாசித்துவிட வேண்டும். புரியாத சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மேலே போகச் சொல்லுங்கள். வாசித்து முடித்தபின் ஒரே கேள்வி: எதற்காகக் கதவை எடுத்துக்கொண்டு போனார்கள்? வட்டிக்கடன் என்று ஒருவர் சொல்வார், வாடகை பாக்கி என்று ஒருவர் சொல்வார். வாதம் சூடானதும் தீர்வை என்ற சொல்லைத் தானாகவே யாராவது எடுத்துவைப்பார்கள். அப்போது பலகைக்குப் போகலாம். முத்திரைத் தீர்வை, சுங்கத் தீர்வை, ஆயத்தீர்வை என்று சொல்லின் குடும்பத்தை அடுக்கலாம். கிராமக் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று இன்றும் எழுதுவதைச் சொல்லலாம். சாவடியை விளக்கவே தேவையில்லை. சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி மூன்றையும் எழுதி, இவற்றில் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டால், ஊர் மக்கள் அதிகாரத்தின் முன் வந்து நிற்கிற இடம் என்ற கருத்துக்கு அவர்களே வந்துவிடுவார்கள். ஜப்தி என்ற சொல்லும் இங்கேதான் வரவேண்டும். விபத்து இழப்பீடு கொடுக்காததால் நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்தார்கள் என்ற செய்தியை நாளிதழில் படிக்காத ஊர் இல்லை. லட்சுமியின் வீட்டில் ஜப்தியானதும் ஒரு பஸ்தான். இதை ஆசிரியர் சொல்லவேண்டாம். செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பிள்ளைகளே சொல்வார்கள்.

இன்னொரு பெரிய வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அரசமரத்தின் சொற்கள் இன்றைய வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அளவு தூரம். அங்கே அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே. ‘கதவு’ அப்படியல்ல, வகுப்பையே இரண்டாகப் பிரிக்கிறது. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. தலையாரி இன்று ஏட்டில் கிராம உதவியாளர். ஆனாலும் பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. “எங்க ஊர்ல இப்பவும் தலையாரின்னுதான் சார் சொல்லுவாங்க. வருமானச் சான்றிதழுக்குப் போனா வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல அவர்தான் இருப்பாரு” என்று ஒரு மாணவன் சொன்னபோது, வழக்கமாகக் கேள்விக்கு வாய் திறக்காத அந்தப் பையனை வகுப்பே திரும்பிப் பார்த்தது. நிலமும் வரியும் கூலியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கதையில் ஆசிரியருக்கும் மேலே நிற்பார்கள். பட்டியலை முன்னால் கொடுத்துவிட்டால் அந்த இடத்தை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். மதிப்பெண் பட்டியலில் எப்போதும் கீழே கிடக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் தரக்கூடிய பெருமை இது. அதை அற்பமாக நினைக்க என்னால் முடியவில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, நியாயமான வாதம்தான். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசி, பள்ளியில் மட்டும் தமிழ் படிக்கிற பிள்ளைகள் தெரியாத சொற்களில் தடுக்கித் தடுக்கிக் கதையையே விட்டுவிடலாம். மெல்லக் கற்போரும் அப்படித்தான். அவர்களுக்காக ‘கதவு’ கதையின் சூழலை மட்டும், சொற்களைத் தொடாமல், இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: மழை பொய்த்த கரிசல் ஊர், அப்பா வெளியூர் வேலைக்குப் போன வீடு. அதற்கு மேல் வேண்டாம். ஆசிரியர் உணர்ச்சியோடு வாசித்தால் மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

அரசமரத்தை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. ருக்மிணியின் முடிவு வளரிளம் பருவத்தினர் முன்னால் பேசவேண்டிய விஷயம். சொற்பொருளைச் சொல்லிக் கடந்துவிடக்கூடாது. அவளுக்கு யாரிடம் பேச வழி இருந்தது, ஏன் அந்த வழி அடைந்துபோயிற்று என்று கேளுங்கள். விளையாட்டுக்குக்கூடப் பெண் மனத்தை நோகவிடக் கூடாது என்ற பொருளில் மரம் கதையை முடிக்கிறது. இன்றைய வகுப்பு அதையும் தாண்டிப் போகவேண்டும்: மனம் உடைந்தால் பெரியவர் ஒருவரிடம் சொல்வது, உதவி கேட்பது பற்றிய பேச்சு அந்தப் பாடவேளைக்குள் நடந்துவிட வேண்டும்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘தீர்வை – வரி’ என்று பொருத்தி ஒரு மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு அந்தச் சொல் தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ‘தலையாரி அன்று இரவு தன் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்?’ என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். தீர்வை, பாக்கி, சாவடி, ஜப்தி நான்கும் அதில் வரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். அரசமரத்துக்கு, ருக்மிணியின் தந்தை உறவினருக்கு எழுதும் கடிதம். திவால், சம்பந்தி, சீர், புக்ககம் அதில் வரட்டும். சொல் பிடிபட்டதா இல்லையா என்பது இதில் மறைக்கமுடியாமல் தெரிந்துவிடும். திருத்துவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை.

இரண்டில் எது முதலில் என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் ‘கதவு’, பதினொன்றாம் வகுப்பில் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்பேன். பாடநூல் எழுதுவோருக்கு என் வேண்டுகோள் இது: அரசமரத்தின் சொற்களைக் கதைக்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பாக, ஆண்டுகளோடு அச்சிடுங்கள், ‘கதவு’ கதையின் சொற்களைக் கதை முடிந்த பின்னர், பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும்படி வையுங்கள்.