இணையவழிக் குரல் தடத் திட்டமிடல்

ஒரு நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பில் ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்புகள் நடைபெறலாம் என்பதைக் கணித்து, அதற்கேற்ற குரல் தடங்களையும் இணையக் கொள்திறனையும் ஒதுக்கும் முறை. ஊழியர் எண்ணிக்கையைக் கொண்டு தடங்களை முடிவுசெய்வது எளிதெனினும் நம்பத்தக்கதன்று. அழைப்பு மிகுந்த ஒரு மணி நேரத்தின் பேச்சளவே உரிய அடிப்படை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரமே இன்றும் இதற்குப் பயன்படுகிறது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருப்பது அவர் பெயரால் ஓர் எர்லாங் எனப்படும். அம்மணி நேரத்தில் சராசரியாக மூன்று நிமிடம் நீளும் 100 அழைப்புகள் வந்தால் பேச்சளவு 5 எர்லாங். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தடைபடக் கூடாதெனில் 11 தடங்கள் வேண்டும். அழைப்புகள் இருமடங்கானாலோ 22 அன்று, 18 தடங்களே போதும். தொகுப்பு பெரிதாகும்போது சும்மா கிடக்கும் தடங்களின் விகிதம் குறைவதே காரணம். தடைபட்டவர் மீண்டும் அழைப்பதில்லை என்று இச்சூத்திரம் கொள்வதால், விடாது அழைப்போர் மிகுந்த இடங்களில் (வாடிக்கையாளர் சேவை மையங்கள் பெரும்பாலும் அத்தகையவை) அதன் விடை குறைமதிப்பீடாகவே அமையும். இணையக் கொள்திறனைப் பொறுத்தவரை, ஜி.711 என்னும் குரல் குறிமுறையில் குரல் மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் எனினும், 20 மில்லிவிநாடிப் பொதிகளின் தலைப்புகளும் சேர, ஈதர்நெட்டில் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் செலவாகும், ஜி.729 குறிமுறையில் 31.