ஏட்டில் ஏறாத அடி

போலீஸ் ஸ்டேஷன் என்றதும் நமக்குத் தடியும் தொப்பியுந்தான் ஞாபகத்துக்கு வரும். சரித்திரம் தேடிப் போகிறவனுக்கோ அங்கே முக்கியமான வஸ்து மேஜைமேல் கிடக்கும் கனத்த நோட்டுப் புத்தகம். ஸ்டேஷனுக்கு வரும் பிராதெல்லாம் பொது டைரியில் ஏற வேண்டும் என்று 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம் விதித்தது. (சென்னை ராஜதானிக்கு அதற்கு முன்பே, 1859-இல், தனிச் சட்டம் வந்துவிட்டது.)

சரி, புருஷன் அடித்தான் என்று கன்னம் வீங்கி வந்து நின்றாளே ஒருத்தி, அவள் கதை எப்படி ஏறியது?

கிரிமினல் நடைமுறைச் சட்டம் குற்றங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தது. கொலை, திருட்டு முதலியவற்றைப் போலீஸார் தாமாகவே விசாரிக்கலாம். சாதாரணக் காயம் இரண்டாவது ஜாதி. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அதில் புலன் விசாரணை கிடையாது. ஆகவே இரண்டு வரி எழுதிக்கொண்டு, "கோர்ட்டுக்குப் போ, அம்மா" என்று சொன்னால் ஸ்டேஷனின் கடமை தீர்ந்தது. தண்ணீர்க் குடத்தைத் திருடியவனைப் பிடிக்கக் கான்ஸ்டபிள் ஓடலாம். அந்தக் குடத்தைச் சுமந்து வந்தவளை அறைந்தவனைப் பிடிக்க ஓட முடியாது! இதைக் கான்ஸ்டபிளின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கையில் கொடுத்த புத்தகம் அப்படி.

வரதட்சிணைச் சாவுகள் "ஸ்டவ் வெடித்து" என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிப்போன காலமும் வந்தது. பெண்கள் வீதிக்கு வந்து கூச்சலிட்ட பிறகு, 1983-இல் 498-ஏ பிரிவு பிறந்தது. கணவன் வீட்டாரின் கொடுமை முதல் ஜாதிக் குற்றமாயிற்று. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் பிரேத பரிசோதனை கட்டாயம் என்றும் அதே வருஷம் ஏற்பட்டது.

1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். அங்கும் பல மனுக்கள் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்று, ராஜிப் பேச்சில் முடிந்தன.

2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வந்த குடும்ப வன்முறை அறிக்கைதான் எனக்கு ஆச்சரியம். ஆண் குழந்தை இல்லை என்று ஏசினானா, சோற்றுக்கும் மருந்துக்கும் பணம் மறுத்தானா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கிறது. அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புகிறவர் பாதுகாப்பு அதிகாரி. ஸ்டேஷனுக்கு ஒரு நகல்.

கணக்கெடுப்பில் இன்னொரு விசித்திரம். ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அவற்றுள் கொடியது ஒன்றையே எண்ணுகிறது. பத்து வருஷம் அடித்துக் கடைசியில் கொன்றவனின் வழக்கு, 'கொலை' என்ற பத்தியில் ஒன்றைக் கூட்டும். 'கணவனின் கொடுமை' என்ற பத்தியில் ஒன்றும் கூட்டாது.