நிலைப்படியைத் தாண்ட முடியாத வயது

கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருக்கும்படி ஒரு வீடு கட்ட வேண்டும் என்று நினைப்பவர்களில் பலருக்கு மனதில் வருவது திண்ணையும் முற்றமும் தூணும் உள்ள பழைய வீடுதான். அந்த வீட்டில்தான் பெரியவர்கள் நிம்மதியாக முதுமையைக் கழித்தார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுக் கட்டாக நடந்து பார்த்தால் நம்பிக்கை தளர்கிறது. முதியவருக்கு அங்கே மரியாதை இருந்தது. தளர்ந்த உடம்புக்கு எந்த ஏற்பாடும் இல்லை. வீடு செய்யாததை வீட்டில் இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் இடுப்பொடியச் செய்தார்கள்.

செட்டிநாட்டு வீட்டையோ தஞ்சாவூர்ப் பக்கத்து மூன்று கட்டு வீட்டையோ எடுத்துக்கொள்வோம். தெருவிலிருந்து மேலே ஏற நாலைந்து படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அடுத்து வாசல்நிலை. மரநிலையின் கீழ்ச்சட்டம் தரைக்கு மேல் உயர்ந்து குறுக்கே கிடக்கும். நிலை கோணாமல் நிற்கவும், மழைத்தண்ணீரும் பூச்சிபொட்டும் உள்ளே வராமல் இருக்கவும் அது வேண்டியிருந்தது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படி என்பதால் அதன்மேல் மிதிக்கவும் கூடாது, காலைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். உள்ளறைகளின் நிலைகள் பல குட்டையானவை. தலை குனிந்துகொண்டே காலையும் தூக்க வேண்டும். கண் மங்கி முழங்கால் மடங்காத ஒருவருக்கு வீட்டுக்குள் இதைவிட ஆபத்தான அசைவு இல்லை. தாண்டினால் இருட்டான ரேழி, உடனே கண்ணைக் கூசவைக்கும் முற்றம். முற்றம் கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்கும். கிணறும் குளிக்கும் இடமும் கொல்லையில். கழிப்பிடம் என்று ஒன்று இருந்தால் அது கொல்லைக் கோடியில். இல்லாத வீடுகளே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இல்லை. ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் ஒரு கிழவர் அங்கே போய்வர முடியுமா என்ற கேள்வியை நம் வீட்டுக்கலை வெகுகாலம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

திண்ணைக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, தரையில் சாப்பிட்டு, தரையில் படுத்த வீட்டில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் உயரத்தில் இருந்த இடம் அநேகமாக அது ஒன்றுதான். கையை ஊன்றி எழலாம், தூணைப் பிடித்து நிற்கலாம். போகிறவர் வருகிறவர் இரண்டு வார்த்தை பேசுவார்கள். ஒருநாள் ஆளைக் காணோம் என்றால் தெருவே விசாரிக்கும். முதுமைக்கு இதைவிட நல்ல இருக்கை இன்றைக்கும் கிடையாது. ஆனால் அது வழிப்போக்கருக்கும், கணக்கு வழக்குக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கட்டப்பட்டது. முதியவர் அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். அதுவும் ஆண்களுக்குத்தான். கைம்பெண்ணான பாட்டி முதுமையைக் கழித்தது இரண்டாங்கட்டின் புகையிலும் இருட்டிலும். இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றிய 1937 சட்டம் வரும்வரை கூட்டுக் குடும்பச் சொத்தில் அவளுக்குப் பங்கே இல்லை, சோறும் தங்க இடமும்தான் உரிமை. முழுப் பாத்தியதை 1956-இல்தான் கிடைத்தது.

கீழே உட்கார்ந்து எழுந்ததால்தான் அந்தக் காலத்து முழங்கால்கள் உறுதியாக இருந்தன என்று மறுப்பார்கள். அதில் உண்மை உண்டு, உடம்பால் முடிகிறவரைக்கும். இடுப்பெலும்பு முறிந்த அன்றைக்கு அந்தப் பழக்கமே பகையாகிவிடுகிறது. கூட்டுக் குடும்பம் இருந்தபோது கைப்பிடி எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. கூட்டுக் குடும்பமும் நாம் நினைக்கிற அளவுக்கு ஒரே அடுப்பில் வாழவில்லை. நகரத்தார் வீடுகளில் மணமான மகனை ‘வேறு வைப்பது’ வழக்கம். ஒரே கூரையின்கீழ் தனித்தனிச் சமையல் நடந்தது. இருந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். 1961-இல் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 5.6 பேர், 2011-இல் தமிழ்நாட்டில் 10.4. கிழவர் குறைவு, தாங்கும் கைகள் அதிகம் என்றிருந்த காலத்தில் நிலைப்படியின் உயரம் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தக் கைகள் சம்பளமில்லாமல், கேட்கப்படாமல் உழைத்தவை என்பதை மறந்துவிட்டு வீட்டைப் புகழ்வது நியாயமாகாது.

இதுவரை சொன்னது நிலபுலன் உள்ளவர்களின் வீட்டைப் பற்றி. தஞ்சைப் பகுதியில் பண்ணையாட்களின் குடிசைகள் நின்ற மனை மிராசுதாரருடையது. உழைக்க முடியாத வயதில் அந்த இடத்தில் தொடர்ந்து இருக்கலாம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1971-இல் குடியிருப்பு மனைகளை அதில் வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்கி வந்த சட்டத்தை, முதுமைக்கான வீட்டின் வரலாற்றில் எந்தச் சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லாத இடத்தில்தான் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசவே முடியும்.

பிறகு வந்த கான்கிரீட் வீடு கழிப்பறையைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. அது செய்த பெரிய நன்மை இதுதான். கூடவே திண்ணையை எடுத்துவிட்டு மதில் எழுப்பியது, தரையில் வழவழப்பான ஓடு பதித்தது, கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டு உரிமையாளரை மாடிக்கு ஏற்றியது. சென்னையில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் தெரு உயர்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள், கட்டிய வீடுகளையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது விதி. இரண்டடி அடித்தளம் என்றால் இருபத்து நான்கு அடி. முப்பதுக்கு நாற்பது அரை கிரவுண்டு மனையில் அதை எங்கே மடக்கி வைப்பது? கட்டுகிறவர் செய்யக்கூடியது உண்டு: உள்நிலைகளுக்குக் கீழ்ச்சட்டம் வேண்டாம் என்று ஆசாரியிடம் மரம் அறுக்கும் முன்பே சொல்லிவிடலாம், தலைவாசல் படியைத் தரைமட்டத்தில் பதித்து அதற்கே மஞ்சள் பூசலாம், மதிலுக்கு வெளியே தெரியும்படி ஒரு திண்ணையைத் திரும்பக் கொண்டுவரலாம், இந்தமுறை பாட்டிக்கும் சேர்த்து. தெருவின் உயரம் மட்டும் அவர் கையில் இல்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அது எந்தத் தெருவில் நடக்கிறதோ அந்தத் தெருவில்தான் அடித்தளத்தைத் தைரியமாக ஒரு அடியில் நிறுத்த முடியும்.