பழவேற்காட்டு காத்ரைன்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். உள்ளே கனவான்களின் பெயரும் பதவியும் இறந்த நாளும் பொறித்த கற்கள். இதே ஊரில் 1631 வாக்கில் பிறந்த ஒரு பெண்ணின் சுவடைத் தேடினாலோ, ஆப்பிரிக்காவின் தென்முனைவரை போக வேண்டியிருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. சோழமண்டலத் துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கியது. துணி போன வழியிலேயே மனிதர்களும் போனார்கள். பஞ்சத்தில் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது.

படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமையாக இருந்த அவளை ஆவணங்கள் 'பழவேற்காட்டு காத்ரைன்' என்கின்றன. பெற்றவள் வைத்த பெயர் அவற்றில் இல்லை. 1656இல், அவளுடைய காதலன் என்று ஆவணம் சொல்லும் மலபார் கிளாஸ் அவளைத் தாக்கினான். அவள் திருப்பி அடித்தாள்; அவன் இறந்துபோனான். அவனும் அடிமைதான். அவளுக்கு விதித்த மரண தண்டனை பிறகு ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைந்தது.

1657இல் நன்னம்பிக்கை முனையில் இறக்கப்பட்டாள். கோட்டையில் துணி வெளுத்தாள். ஸ்னைமன் என்ற சிப்பாய்க்கும் அவளுக்கும் பிறந்த மகன் கிறிஸ்டோபலுக்கு 1669இல் ஞானஸ்நானம் நடந்தது. 1671இல், அடிமைத்தளை நீங்கிய வங்காளத்து அந்தோணியை மணந்தாள். மகன் பின்னாளில் ஜாக் தெ சவோயே என்ற பிரெஞ்சுக் குடியேறியின் மகளைக் கட்டினான். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பங்கள் அந்த வழியில் வந்தவை.

காதல், கொலை, கடைசியில் வசதியான சம்பந்தம் என்று இதைத் திகில் கதையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் வஞ்சகம் எங்கே இருந்தது என்பது மறைந்துவிடும். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருத்தியிடம் 'காதலன்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அவள் மறுத்ததற்கு மதிப்பில்லை. திருப்பி அடித்தது மட்டும் குற்றமாகப் பதிவானது. அந்தப் பதிவு இல்லையென்றால் அவளும் நமக்கு இல்லை.

ஏரியில் வலை விடும் பாடு உரிமை இன்றும் ஆண்கள் பெயரில்தான் எழுதப்படுகிறது. கூடை சுமக்கும் பெண்கள் எந்தப் பேரேட்டில் இருக்கிறார்கள்? குற்றம் செய்யாமலே ஒரு பெண்ணின் பெயர் வரலாற்றில் ஏற வேண்டும். காத்ரைனுக்காக நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.